வாசல் கோலத்தில் தொடங்குங்கள்: தடய அறிவியலுக்குக் கண்ணைப் பழக்கும் விதம்

என் அக்கா மகள் தடய அறிவியல் எம்.எஸ்சி. சேர்ந்த முதல் வாரமே போன் செய்தாள். "சித்தி, கிளாஸ்ல எல்லாரும் அப்சர்வேஷன் முக்கியம், அப்சர்வேஷன் முக்கியம்னு சொல்றாங்க. அத எப்படிக் கத்துக்கிறதுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

நியாயமான கேள்விதான். 29 வருஷம் நடமாடும் தடய அறிவியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தென் மாவட்டங்களில் ஜீப்பிலும் வேனிலுமாக அலைந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கும் இதை யாரும் சொல்லித் தரவில்லை. அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அதனால் அவளைத் தீபாவளி விடுமுறைக்குப் பாளையங்கோட்டைக்கு வரச் சொன்னேன். அந்த ஒரு வாரத்தில் அவளைச் செய்ய வைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு லாங் சைஸ் நோட்டு, ஒரு ஸ்கேல், ஒரு டார்ச், ஒரு வாசல் போதும்.

பயிற்சிக்கு முன்னால் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை முழுக்க அதிலிருந்து வந்ததுதான்.

பணியில் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு பழைய காரை வீடு. முன்னறையின் கிழக்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சிவப்பாகத் தெறித்திருந்தது. குறிப்பேட்டில் "கிழக்குச் சுவரில் ரத்தத் தெறிப்பு" என்று எழுதினேன். சுரண்டி எடுத்து, உறையிலிட்டு, சீல் வைத்து அனுப்பினேன். ஆய்வகத்திலிருந்து "ரத்தம் அல்ல" என்று பதில் வந்தது. அது வெற்றிலை எச்சில். அந்த வீட்டுப் பாட்டி அந்த மூலையில் உட்கார்ந்துதான் வெற்றிலை போடுவாராம். பக்கத்திலேயே படிக்கம் இருந்தது. நானும் அதைப் பார்த்தேன். பார்த்தும் குறிப்பில் எழுதவில்லை.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வெறும் கண்ணால் பார்த்தே ரத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற இரண்டு இடங்களிலும் இப்படிப் பார்த்துத்தான் எழுதினீர்களா?" அந்த இரண்டு இடத்திலும் இருந்தது உண்மையான ரத்தம். என்னுடைய ஒரு சொல்லால் அதன் மேலும் சந்தேகம் விழுந்தது. சாட்சிக் கூண்டில் நின்ற அந்த நிமிஷம் இன்னும் என் கையைக் குளிர வைக்கிறது.

நான் எழுதியிருக்க வேண்டியது இது: "கிழக்குச் சுவர், தரையிலிருந்து 45 செ.மீ. உயரம். பழுப்புச் சிவப்பு நிறக் கறை, உலர்ந்தது, சுமார் 20 சிறு புள்ளிகள். சுவரடியில் பித்தளைப் படிக்கம்." இதில் ரத்தம் என்ற சொல்லே இல்லை. இப்படி எழுதியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

நோட்டில் ஒரு கோடு

நோட்டைத் திறந்து பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் "கண்டது", வலப்பக்கம் "கருதியது". நிறம், வடிவம், அளவு, இடம், ஈரமா உலர்ந்ததா, எத்தனை என்பதெல்லாம் இடப்பக்கம். அது என்னவாக இருக்கலாம், ஏன் அப்படி நினைக்கிறேன் என்பது வலப்பக்கம். வலப்பக்கம் ஒரு ஊகம் எழுதினால் அதற்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு ஊகம் எழுத வேண்டும். இந்த மூன்றாவது ஊகத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும்போதுதான் கண் மறுபடி பொருளிடம் போகும்.

அக்கா மகளை முதல் நாள் தெருமுனை டீக்கடைக்கு அழைத்துப்போனேன். பத்து நிமிஷத்தில் அவள் எழுதிய முதல் வரி, இடப்பக்கத்தில்: "ஓரமா நிக்கிறவர் குடிச்சிருக்கார்." நீ பார்த்தது என்ன என்று கேட்டேன். "கால் தள்ளாடுது சித்தி. கண்ணு செவந்திருக்கு. கடப் பலகையப் பிடிச்சிட்டு நிக்காரு." அந்த மூன்றும்தான் இடப்பக்கம். வலப்பக்கம் குடி என்று எழுதலாம். சர்க்கரை இறங்கியிருக்கலாம், ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்திருக்கலாம் என்றும் எழுத வேண்டும். மூன்று நாளைக்கு இதை மட்டும் செய்யச் சொன்னேன். சலிப்பாகத்தான் இருக்கும். இதைத் தாண்டாமல் அடுத்த பயிற்சிக்குப் போனால் பிரயோஜனம் இல்லை.

காலை ஆறு மணிக் கோலம், ஒன்பது மணிக் கோலம்

எனக்குப் பிடித்த பயிற்சி இது. தண்ணீர் தெளித்துப் பெருக்கிய தரையில் ஆறு மணிக்குக் கோலம் போடுங்கள். நேராக மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே போய்விடுங்கள், ஜன்னல் வழியாகவும் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒன்பது மணிக்கு நோட்டோடு வந்து உட்காருங்கள். இந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடந்தது என்பது அங்கே தரையில் இருக்கிறது.

எங்கள் வாசலில் அன்று ஒரு சைக்கிள் கோலத்தைக் கடந்திருந்தது. "பேப்பர்காரர்" என்று உடனே சொன்னாள். அது வலப்பக்கம். எந்தத் திசையிலிருந்து வந்தது? விழித்தாள். கோலத்துக்குக் கிழக்கே பார் என்றேன். தரையில் வெள்ளைத் தீற்றல் ஒன்று, கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் மங்கலாக இன்னொன்று. மேற்கே ஒன்றும் இல்லை. டயர் மாவை எடுத்துக்கொண்டு போன பக்கம்தான் சைக்கிள் போன பக்கம். தீற்றல்களுக்கு நடுவே டேப் வைத்து அளக்கச் சொன்னேன். 28 இஞ்ச் சக்கரம் ஒருமுறை உருண்டால் ஏறக்குறைய ஏழேகால் அடி போகும். அவளுக்கு வந்த அளவும் அதை ஒட்டித்தான் இருந்தது. சக்கரத்தின் அளவைத் தரை சொல்லிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே.

லியோன் நகரில் 1910-ல் காவல்துறைக்கென்று ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லோகார்டின் பெயரை முதல் வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். இரண்டு பொருள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏதாவது போகும் என்பது அவர் பெயரில் வழங்கும் கோட்பாடு. தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்வார்கள். கோல மாவு டயரில் ஏறி ஏழடி தள்ளி இறங்கியிருப்பதை ஒருதரம் பார்த்தால் மனப்பாடமே வேண்டாம்.

அடுத்து, எது மேலே, எது அடியில்? கோலத்தின் வடமேற்கு மூலையில் ஒரு செருப்புத் தடம். அதன் மேல் சைக்கிள் கோடு ஓடியிருந்தது. அப்படியானால் செருப்பு முதலில், சைக்கிள் பிறகு. கோல இழையில் எறும்புச் சாரை இருந்தது. சைக்கிள் மிதித்த இடத்தில் மட்டும் சாரை விலகி வளைந்து போனது. (எறும்பு வந்திருந்தால் அரிசி மாவு. கடையில் வாங்கும் கல்மாவைத் தேடி எறும்பு வராது. இதையும் ஒரு வரி எழுதலாம்.) சம்பவ இடத்தில் யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்பதை இப்படித்தான் அடுக்கு அடுக்காகப் பிரிப்போம். ரத்தத்தின் மேல் காலடியா, காலடியின் மேல் ரத்தமா என்ற ஒரு கேள்வியில் ஒரு வழக்கே திரும்பும்.

இதே கேள்வியைப் பத்திரம் பரிசோதிப்பவரும் கேட்பார். மடித்த தாளில் மடிப்பின் மேல் பிறகு எழுதினால், நார் உடைந்த அந்தக் கோட்டில் மை கொஞ்சம் கசிந்து பரவும். எழுதிய பிறகு மடித்தால் அப்படிப் பரவாது. பழைய ரசீதுகளை எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

டார்ச்சைத் தரையோடு தரையாக

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மேலிருந்து தரையில் அடியுங்கள். ஒன்றும் தெரியாது. இப்போது டார்ச்சைத் தரையில் படுக்க வைத்து, வெளிச்சம் தரையைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி அடியுங்கள். கன்னத்தைத் தரையில் வைத்துப் பாருங்கள். பளபளப்பான சிவப்புத் தரையில் காலையிலிருந்து நடந்தவர்களின் குதிகாலும் விரலும் எழுந்து நிற்கும். தூசி நிழல் விழுத்தும் அளவுக்கு வெளிச்சம் சாய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

அக்கா மகள் எங்கள் கூடத்தில் இப்படிக் குப்புறப் படுத்துப் பார்த்துவிட்டு, "இந்த இடத்துல மட்டும் ஒண்ணுமே இல்ல சித்தி" என்றாள். அவள் கைகாட்டியது ஒரு சதுரம். அங்கே ஒரு மோடா இருந்தது, மதியம்தான் மாடிக்கு எடுத்துப்போயிருந்தேன். இல்லாததும் தடயம்தான். அலமாரித் தூசியில் சுத்தமான ஒரு செவ்வகம், சுவரில் வெளுக்காத ஒரு கட்டம், வரிசையாகத் தொங்கும் சாவிகளில் காலியான ஒரு ஆணி. இடப்பக்கத்தில் "இல்லை" என்று எழுதவும் பழக வேண்டும். "மேசையில் கண்ணாடித் தம்ளர் 3, நான்காவது வட்டக் கறை உண்டு, தம்ளர் இல்லை" என்பது நல்ல குறிப்பு.

நோட்டில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதி அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அடுத்த வெற்றுத் தாளின் மேல் இதே சாய்ந்த வெளிச்சத்தை ஓட்டிப் பாருங்கள். எழுதியது பள்ளமாகத் தெரியும். பென்சிலை வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும். உண்மையான தடயத்தில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள், தாள் கெட்டுவிடும். படம்தான் எடுக்க வேண்டும்.

செருப்பு, கறை, கண்ணாடி

தட்டில் இருபது பொருளை வைத்து, ஒரு நிமிஷம் காட்டி, துணி போட்டு மூடி, ஞாபகத்திலிருந்து எழுதச் சொல்லும் விளையாட்டைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. நாங்கள் ஞாபகத்தை நம்பி வேலை செய்வதில்லை. அதற்குப் பதில் ஒரே பொருளை இருபது நிமிஷம் பாருங்கள். ஞாபகத்தை நம்பக்கூடாது என்பதற்குச் சின்னச் சோதனை ஒன்று போதும்: பத்து ரூபாய் நாணயத்தைப் பார்க்காமல் வரையுங்கள். பிறகு வீட்டிலிருக்கும் நாணயங்களோடு ஒப்பிடுங்கள். 14 வடிவமைப்புகளில் அது வெளிவந்திருக்கிறது, எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் விளக்கம் தர வேண்டியிருந்தது. தினமும் கையில் புரள்கிற காசு, கடைக்காரர்களே சந்தேகப்பட்டு வாங்க மறுத்தார்கள்.

இருபது நிமிஷம் பார்க்க நான் கொடுத்தது ஒரு பழைய ரப்பர் செருப்பு. அடிப்பாகத்தைத் திருப்பி வைத்தேன். அவள் ஐந்து வரியில் முடித்துவிட்டாள். உட்கார், இன்னும் இருக்கிறது என்றேன். கடைசியில் 31 வரி வந்தது. அச்சில் வார்த்த கோடுகள், எண், கம்பெனி முத்திரை எல்லாம் அந்த ரகத்துச் செருப்பு அத்தனைக்கும் பொது. குதிகாலின் வெளிப்புறம் மட்டும் தேய்ந்திருப்பது, கட்டைவிரல் பள்ளம், பதிந்து கிடந்த ஒரு ஜல்லிக்கல், வார் அறுந்த இடத்தில் மாட்டிய ஊக்கு, ஆணி ஏறிய ஓட்டை: இவையெல்லாம் அந்த ஒரு செருப்புக்கு வாழ்க்கை கொடுத்தது. ஒரு ரகம் என்று சொல்லவும் இதுதான் என்று சொல்லவும் வேறு வேறு அடையாளம் வேண்டும். நீதிமன்றத்தில் இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் பெரிய தீங்கு செய்கிறார்கள்.

தெறிப்பைப் படிக்க, குங்குமத்தைத் தண்ணீரில் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து மருந்து சொட்டும் ஃபில்லரில் எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கை வைத்த சார்ட் பேப்பரில் சொட்டினால் வட்டம். அட்டையைச் சாய்த்துச் சொட்டினால் நீள்வட்டம். வால் நீளும் பக்கம் துளி போன பக்கம். அகலத்தை நீளத்தால் வகுங்கள், வாலைச் சேர்க்காமல். 6 மி.மீ. அகலம், 12 மி.மீ. நீளம் என்றால் 0.5. சைன் அட்டவணையில் 0.5 என்பது 30 டிகிரி. துளி பரப்பில் மோதிய கோணம் அது. குங்குமத் தண்ணீர் ரத்தம் போலவே நடந்துகொள்ளாது, கண்ணுக்கும் கைக்கும் அளக்கும் பழக்கம் வருவதற்கு இது போதும். ஐம்பது துளியாவது அளந்து பாருங்கள்.

கண்ணாடியைப் பற்றி எழுதாமல் விட மனமில்லை. ஒரு திருட்டு வழக்கு, "ஜன்னலை வெளியிலிருந்து உடைத்து உள்ளே வந்தார்கள்" என்று புகார். என் மூத்த அலுவலர், "சில்லு எங்க கிடக்குன்னு பாத்து முடிவு பண்ணாதம்மா. உடையும்போது ரெண்டு பக்கமும் தெறிக்கும்" என்றார். சட்டத்தில் ஒட்டியிருந்த துண்டுகளில் எந்தப் பக்கம் உள், எந்தப் பக்கம் வெளி என்று முதலில் மார்க்கர் பேனாவால் குறிக்க வைத்தார். பிறகு ஆபீசில் செய்தித்தாளை விரித்து ஒரு நாள் முழுக்க என்னைத் துண்டு சேர்க்க வைத்தார்.

கண்ணாடியைத் தள்ளினால் அது உடைவதற்கு முன் கொஞ்சம் வளையும். தள்ளிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் அதிகம் இழுபடும், ஆரக்கால் மாதிரி ஓடும் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். அந்த விரிசலின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் சிப்பியில் இருப்பது போல வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். ஒரு பக்கத்தை அவை செங்குத்தாகத் தொடும், மறுபக்கத்தைச் சாய்வாகத் தொடும். செங்குத்தாகத் தொடும் பக்கம், அடி விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். அன்று நான் பார்த்த ஒவ்வொரு ஆரக்கால் விரிசலிலும் அந்தப் பக்கம் "வெளி" என்று குறித்த பக்கமாக இருந்தது. ஜன்னல் உள்ளிருந்து உடைக்கப்பட்டிருந்தது. சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு மட்டுமே இது பொருந்தும். காரின் பக்கக் கண்ணாடி பொடிப்பொடியாகச் சிதறும் வகை, அதில் இதைத் தேடாதீர்கள். பழகுவதற்காகக் கண்ணாடியை உடைக்கவும் வேண்டாம், கண்ணாடிக் கடையில் கழிவுத் துண்டு கேட்டால் தருவார்கள். கெட்டியான கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மூக்கைப் பற்றி ஒரு வரி: மண்ணெண்ணெய் வாசனை அடித்தால் அடித்தது என்று நேரத்தோடு எழுதுங்கள், ஆனால் எந்தப் பாட்டிலையும் திறந்து முகராதீர்கள்.

கதை கேட்பதற்கு முன்

வாசலில் இறங்கியதுமே யாராவது ஒருவர் கதை சொல்ல ஆரம்பிப்பார். "மேடம், புருஷன்தான் பண்ணிருக்கான், தெளிவா தெரியுது." அந்த நிமிஷத்திலிருந்து கண் புருஷனைத்தான் தேடும். இது சுபாவம், படித்தவருக்கும் அனுபவசாலிக்கும் உண்டு. 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் கட்டி தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், அதே படத்தில் பதித்து வைத்திருந்த கொரில்லா உருவத்தைக் காணவில்லை. அவர்கள் தேடியது கட்டியை.

2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு பையில் இருந்த விரல்ரேகையை, அமெரிக்க எஃப்.பி.ஐ. நிபுணர்கள் பிராண்டன் மேஃபீல்ட் என்ற ஓரிகன் மாநில வக்கீலுடையது என்று உறுதியாகச் சொன்னார்கள். அவரைப் பிடித்து வைத்தார்கள். அது வேறொருவருடைய ரேகை என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்த பிறகுதான் வெளியே வந்தார். அதன் பிறகு இட்டியல் டிரோர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். ஐந்து ரேகை நிபுணர்களிடம், அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன ரேகைகளை, "இது அந்த மேஃபீல்ட் வழக்கில் தவறிய ரேகை" என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான்கு பேர் தங்கள் பழைய முடிவிலிருந்து மாறினார்கள். ரேகை அதேதான், கேட்ட கதை மட்டும் வேறு.

ஆகவே என் வழக்கம்: "சார், பதினஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லுங்க" என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போவேன். ஆபத்து உண்டா, யார் யார் ஏற்கெனவே உள்ளே போனார்கள், எதைத் தொட்டார்கள் என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்வேன். முதலில் நேரம், பிறகு விளக்கு எரிகிறதா, ஃபேன் ஓடுகிறதா, தாழ்ப்பாள் எந்த நிலையில். அறையை ஓரத்திலிருந்து சுற்றி நடுவுக்கு வருவேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. படம் மூன்று தூரத்தில்: முழு அறை, பொருளும் அதன் அக்கம்பக்கமும், பொருள் மட்டும். பொருள் மட்டும் எடுக்கும் படத்தை ஸ்கேல் இல்லாமல் ஒன்று, ஸ்கேல் வைத்து ஒன்று, கேமரா நேர் செங்குத்தாக. பயிற்சிக்கு உங்கள் சமையலறையையே இப்படி எடுங்கள்.

கதை காட்டாத மூலையையும் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு வெடித்தபோது, படம் எடுக்க வந்திருந்த அரிபாபுவும் இறந்துபோனார். அவருடைய கேமரா பிழைத்தது. அந்தச் சுருளைக் கழுவியபோதுதான் சந்தன மாலையோடு நின்ற பெண்ணின் முகம் கிடைத்தது. அவ்வளவு பெரிய சிதறலில் ஒரு கேமராவைக் கேமராவாகப் பார்த்து எடுத்து வைத்த ஒருவர் இல்லாவிட்டால் அந்த முகம் இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் வர வேண்டும் என்கிறது. இப்போது படிக்கிற பிள்ளைகள் ஒரு மழை இரவில், பத்துப் பேர் மிதித்துவிட்ட ஒரு வாசலில், தனியாக நிற்கப்போகிறவர்கள். ஒருவருடைய விடுதலையோ தண்டனையோ அவர்கள் எழுதும் அந்த இடப்பக்கத்தை நம்பி இருக்கும். அதற்காகத்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

அக்கா மகள் விடுதிக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் அனுப்பினாள். மெஸ் சுவர். இடப்பக்கம்: "மஞ்சள் பழுப்புக் கறை, மேலே அகலம், கீழே ஒழுகல் 3, உலர்ந்தது, விரலால் தொடவில்லை." வலப்பக்கம்: "சாம்பார் / கசிந்த மழைத் தண்ணீர் / வார்னிஷ்." கூடவே ஒரு படம். கறை நன்றாகத் தெரிந்தது, பக்கத்தில் ஸ்கேல் இல்லை. திரும்பப் போய் எடுக்கச் சொன்னேன். அரை மணியில் ஸ்கேலோடு வந்தது.